உலகம் விட்டு உலகம் போகும் ரோல்பிளே: கதை உடையாமல் நடத்த முழுமையான வழிகாட்டி

இரண்டு உலகங்கள் உள்ள ரோல்பிளே குழுக்களில் (ஆளுக்கொரு பாத்திரமாகி, கேமுக்குள் சேர்ந்து கதை எழுதும் குழுக்கள்) கதை பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் உடைகிறது. வாசலைத் தாண்டிப் போகிற காட்சியை எல்லோரும் ஆசையாக எழுதுவார்கள். அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த பாத்திரம், இங்கே போன வாரம் நடந்த விருந்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று அப்புறம் யாராவது கேட்பார்கள். பதில் இருக்காது.

குழு நடத்துபவர்களுக்கும் முதல்முறையாகத் தன் பாத்திரத்தை வேறு உலகத்துக்கு அனுப்பப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கிய உதாரணமாக ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்கிறேன். அதன் கதையிலேயே சோர்ஸ் என்ற மூல உலகமும் அதிலிருந்து பிரிந்த பதின்மூன்று பிரதிபலிப்பு உலகங்களும் இருக்கின்றன. இடையிடையே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமும், டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் எழுத்தாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் வரும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் விரிவாக்கமான ஷேடோபிரிங்கர்ஸ் கதையை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள். கதையின் முக்கியமான திருப்பங்களைத் தொடாமல் இதை விளக்க முடியாது.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லோரும் பார்க்கக்கூடிய, இரண்டு பேர் மட்டும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஷீட். எல்லோரும் திருத்தலாம் என்று விட்டால் தேதிகள் சத்தமில்லாமல் மாறும்.

பயண விஷயத்தில் கடைசி முடிவு சொல்ல ஒரே ஒருவர். குழுத் தலைவர்தான் வேண்டும் என்றில்லை. கதைப்பின்னணியை நன்றாகப் படித்தவர், "இல்லை" என்று சொல்லத் தயங்காதவர் போதும்.

உறுப்பினர்கள் கேமின் முக்கியக் கதையில் எதுவரை வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் இலவச டிரையல் 2023-இல் ஸ்டார்ம்பிளட் வரை நீட்டப்பட்டது. ஷேடோபிரிங்கர்ஸ் அதற்கு அடுத்த பகுதி. டிரையல் கணக்கில் ஆடுபவரால், அந்தக் கதை நடக்கும் ஃபர்ஸ்ட் என்ற பிரதிபலிப்பு உலகத்தின் நிலப்பகுதிக்குள் காலே வைக்க முடியாது. காட்சி நடக்கும் நாளன்று இது தெரியவந்தால் அவர் மனம் நோகும்.

1. கேமின் வசதி எது, கதையின் பயணம் எது என்று பிரியுங்கள்

ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் சர்வருக்கே வேர்ல்ட் என்றுதான் பெயர். ஒரே டேட்டா சென்டருக்குள் (சர்வர்களின் தொகுதி) வேறு வேர்ல்டுக்குப் போகும் வசதி 2019-இல் வந்தது. டேட்டா சென்டரையே தாண்டிப் போகும் வசதி 2022-இல் வந்தது. இவை ஆடுபவர்களுக்கான வசதிகள். பால்மங் சர்வரிலிருந்து மேட்டியஸுக்குப் போன பாத்திரம் கதைப்படி எங்கும் போகவில்லை. சோர்ஸ் உலகத்தின் அதே எயோர்சியா நிலப்பகுதியில்தான் இருக்கிறது.

புதியவர்கள் சிலர் சர்வர் மாறியதையே உலகம் கடந்ததாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் சோர்ஸ் உலகம் சர்வருக்கு ஒன்றாகப் பெருகிவிடும். உல்தா நகரத்துக்கு எத்தனை சுல்தானா என்று கேள்வி வரும். ஆகவே ஷீட்டின் முதல் வரியாக இதை எழுதி வையுங்கள்: சர்வர் மாற்றம் கதையில் இல்லை.

டெலிபோர்ட்டுக்கும் இதே கவனம் வேண்டும். எயோர்சியாவுக்குள் ஈதரைட் என்ற படிகங்கள் வழியாக டெலிபோர்ட் ஆகிப் போவது கதையிலும் உண்டு, அதனால் சிக்கலில்லை. ஆனால் கதையை முடித்த ஆட்டக்காரர் மேப்பில் ஒரு கிளிக்கில் ஃபர்ஸ்ட் உலகத்தின் கிரிஸ்டாரியம் நகரத்துக்குப் போய்விடலாம். அந்தக் கிளிக் உங்கள் கணக்குக்குக் கிடைத்தது. உங்கள் ரோல்பிளே பாத்திரத்துக்கு அது உண்டா என்பதை அடுத்த படி முடிவு செய்யும்.

2. யார் கடக்கலாம் என்பதை முடிவு செய்யுங்கள்

இதில் அவசரப்பட வேண்டாம். கேமின் கதை இங்கே மிகவும் கறாரானது. சோர்ஸிலிருந்து ஃபர்ஸ்டுக்கு உடலோடு சுதந்திரமாகப் போய்வருவது கதைநாயகன் ஒருவனுக்கே வாய்க்கிறது. அதற்கும் கிரிஸ்டாரியத்தின் தலைவரான கிரிஸ்டல் எக்ஸார்க்கும் அவர் கையிலிருக்கும் படிகக் கோபுரமும் வேண்டியிருந்தது. அவன் தோழர்களுக்கு ஆன்மா மட்டும்தான் போனது. உடல் சோர்ஸில் தூங்கியபடி கிடந்து மெல்ல நலிந்தது. ஃபர்ஸ்டிலிருந்து சோர்ஸுக்கு வந்த, அந்த உலகத்தின் வீரன் ஆர்ட்பெர்ட்டின் குழுவினர் தங்கள் உயிரையே கொடுத்துத்தான் கடந்தார்கள்.

இத்தனை விலை உள்ள வாசலை உங்கள் ரொட்டிக்கடைக்காரர் பாத்திரம் சனிக்கிழமைதோறும் கடந்தால், கேமின் கதையில் அவர்கள் பட்ட பாடு எல்லாம் அர்த்தமில்லாமல் போகும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கடப்பது அரிதாக இருந்தால்தான் கடப்பதற்கு மதிப்பு.

சரி, அப்படியானால் சாதாரணப் பாத்திரங்களுக்கு வழியே இல்லையா? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அந்த உலகத்திலேயே பிறந்த இன்னொரு பாத்திரத்தை உருவாக்குவது. யாரும் கடக்கத் தேவையில்லை. ஃபர்ஸ்டை ரசிக்க விரும்பும் புதியவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது, கேம் ஏற்கெனவே காட்டிய வழிகளில் ஒன்றைக் கடன் வாங்குவது: ஆன்மா மட்டும் போவது, அல்லது பிக்ஸி (குட்டித் தேவதை) ஒன்றின் மூலம் சேதி மட்டும் போவது. கதையில் ஃபியோ உல் என்ற பிக்ஸி இரண்டு பக்கமும் தூது போகிறது. இப்படி ஒரு முன்மாதிரி இருந்தால் புதியவரிடம் விளக்குவது சுலபம்.

மூன்றாவது, குழு தனக்கென ஒரு விதிவிலக்கை உண்டாக்குவது. செய்யலாம். ஆனால் ஒரே வாசல், ஒரே காரணம், ஒரு விலை. இரண்டாவது ஆள் வேறு வாசல் கேட்டால் மறுத்துவிடுங்கள். வாசல்கள் பெருகினால், அடுத்த சண்டையில் மாட்டிக்கொள்ளும் பாத்திரம் அந்த வழியாகத் தப்பித்து ஓடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பில் இந்த வேலையை விதிநூலே பாதி செய்துவிடுகிறது. பிளேன் ஷிஃப்ட் 7-ஆம் நிலை மந்திரம். போகும் உலகத்துக்கு இசைவாக்கிய, குறைந்தது 250 பொற்காசு மதிப்புள்ள கவர்முனை உலோகக் கோல் வேண்டும். கை கோத்து நிற்கும் எட்டுப் பேர் வரை மந்திரவாதியோடு போகலாம். அந்தக் கோல் எங்கே கிடைக்கும் என்பதை நீங்கள் கட்டுப்படுத்தினால் போதும், பயணம் முழுவதும் உங்கள் கட்டுக்குள் இருக்கும். ஆட்டத்தை நடத்தும் புதிய கேம் மாஸ்டர்கள் கோலைக் கணக்கிலெடுக்காமல் மந்திரத்தை மட்டும் அனுமதிப்பார்கள். அப்புறம் பாத்திரங்களை எந்த இடத்திலும் நிறுத்தி வைக்க முடியாது.

3. கடிகாரத்தைக் கட்டுங்கள்

நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் குழுவின் அடிப்படைக் கடிகாரம் எது என்று முடிவு செய்யுங்கள். கேமுக்குள் ஓடும் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். எயோர்சியாவின் ஒரு நாள் நம் 70 நிமிடம். நீங்கள் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அங்கே இருபது நாள் போயிருக்கும். அந்தக் கணக்கில் எந்தக் காயமும் ஒரே நாளில் ஆறிவிடும், எந்தப் பாத்திரமும் சில ஆண்டுகளில் கிழவராகிவிடும். நம் ஒரு நாளுக்குக் கதையிலும் ஒரு நாள் என்று வையுங்கள். காட்சி பாதியில் நின்று மறுநாள் தொடர்ந்தால் மட்டும் அந்தக் காட்சி தொடங்கிய தேதியே செல்லும்.

அடுத்தது இரண்டாம் உலகத்தின் ஓட்டம். ஃபர்ஸ்டில் நூறு ஆண்டுக்கு முன் உலகத்தை அழிக்கும் ஒளிவெள்ளம் வந்து, நோர்வ்ராண்ட் பகுதி மட்டும் மிஞ்சியது. சோர்ஸின் கணக்கில் அது அண்மையில் நடந்தது. தோழர்கள் சோர்ஸில் குறுகிய காலத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள். ஃபர்ஸ்டில் சந்திக்கும்போது தான்கிரெட் ஐந்து ஆண்டுகள் அங்கே கழித்திருக்கிறார், இஷ்டோலாவும் உரியான்ஜெயும் மூன்று ஆண்டுகள், இரட்டையர்கள் சுமார் ஓராண்டு. ஆக, நிலையான விகிதம் என்று ஒன்று அங்கே இல்லை. பின்னால் வந்த டான்டிரெயில் விரிவாக்கத்தின் கதையிலும் மின்னல் கூண்டுக்குள் முப்பது ஆண்டு ஓடிவிடுகிறது, வெளியே கொஞ்ச காலமே போயிருக்கிறது.

கேமே நிலையான விகிதம் தராதபோது நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டாம். ஒன்றுக்கு நான்கு என்று வைத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பரீட்சைக்காக இரண்டு மாதம் ஆடாமல் இருப்பார். அவர் பாத்திரம் அங்கே எட்டு மாதம் சும்மா இருந்ததாகிவிடும். அந்த எட்டு மாதத்தில் என்ன சாப்பிட்டது, யாரோடு இருந்தது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். சாதாரணமாக இரண்டு உலகமும் ஒரே வேகத்தில் ஓடட்டும். கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் ஒரு காலத் தாவலை அறிவியுங்கள்: "இந்தத் தேதியில் ஃபர்ஸ்டில் ஆறு மாதம் தாவியது, சோர்ஸில் ஒரு நாள்." தாவலை ஷீட்டில் எழுதி, இரண்டு பக்கமும் பாத்திரம் உள்ளவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். கேமின் கதையோடும் இது முரண்படாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஃபேவைல்ட் என்ற மாய உலகத்துக்கு ஒரு விருப்ப விதி இருக்கிறது. வெளியே வரும்போது 20 முகப் பகடை உருட்ட வேண்டும். 7 முதல் 13 வரை விழுந்தால் மாற்றமில்லை. 3 முதல் 6 வரை என்றால் அங்கே கழித்த நாட்கள் வெளியே மணிகள், 14 முதல் 17 வரை என்றால் வாரங்கள். 20 விழுந்தால் நாட்கள் ஆண்டுகளாகிவிடும். சந்தித்து ஆடும் ஒரே குழுவுக்கு அருமையான விதி. பல குழுக்கள் ஒரே உலகத்தைப் பகிரும் டிஸ்கார்டு சர்வரில் 20 விழுந்தால், மற்ற எல்லோருடைய கதையும் ஆண்டுக்கணக்கில் தாவியாக வேண்டும். அங்கே 18 முதல் 20 வரை உள்ள விளைவுகளை எடுத்துவிட்டு ஆடுங்கள்.

எந்த முறையானாலும் இந்த இரண்டையும் மீறாதீர்கள். ஒன்று, கால வேறுபாடு உலகத்துக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தமில்லை. ஆளுக்கு ஆள் மாற்றினால் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு வயதில் நிற்பார்கள். இரண்டு, விகிதத்தை எண்களாக மட்டும் எழுதாதீர்கள். "4:1" என்று எழுதினால் எது எந்தப் பக்கம் என்று பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். உலகப் பெயரோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

வார்கிராஃப்டில் இன்னொரு பொறி உண்டு. 2007-இல் திறந்த அவுட்லாண்ட், சிதறிப்போன டிரேனர் உலகத்தின் மிச்சம். 2014-இல் வந்த விரிவாக்கத்தில் ஆட்டக்காரர்கள் போன டிரேனர் 35 ஆண்டுக்கு முந்தைய காலம், அதுவும் வேறொரு காலக்கோட்டைச் சேர்ந்தது. 2018-இல் மக்ஹார் ஓர்க்குகளைச் சேர்க்க அங்கே திரும்பப் போகும்போது, வார்கிராஃப்டின் முக்கிய உலகமான அஸெராத்தில் சில ஆண்டுகளே போயிருக்க, அங்கே பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. "நான் டிரேனரில் பிறந்தேன்" என்று ஒருவர் எழுதினால், எந்த டிரேனர், எந்தக் காலம் என்று கேட்டு ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் விட்டால் ஒரே அப்பா இரண்டு இடத்தில் இறந்திருப்பார்.

4. எது கூடவே கடக்கும் என்று பட்டியல் போடுங்கள்

உடல், பொருள், பணம், மொழி, சக்தி, சேதி: இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

பணத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். கேமில் எங்கு போனாலும் காசு கில்தான், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு எளிய விதி: ஆன்மா மட்டும் போனால் பொருள் எதுவும் போகாது. பரிசுப் பொருளோடு திரும்பி வந்த ஆன்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் வைத்தே கேளுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது அங்குள்ளவர்கள் பாத்திரத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை. ஃபர்ஸ்டில் இனங்களுக்குப் பெயரே வேறு. மிக்கோட்டே அங்கே மிஸ்டெல், எலெசன் அங்கே எல்ஃப், ஔரா அங்கே டிரான், வியெரா அங்கே வீஸ். லாலாஃபெல் அங்கே ட்வார்ஃப். தோம்ரா ஊரின் ட்வார்ஃப்கள் தலைக்கவசமும் தாடியுமாகத்தான் இருப்பார்கள். வெறும் முகத்தோடு போகும் லாலாஃபெல் கண்டிப்பாகக் கவனிக்கப்படுவார். கடந்து வந்தவர் முதல் நாளே சரியான பெயர்களைச் சொன்னால் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி நிற்கும். அங்கேயே பிறந்தவர் மிக்கோட்டே என்று சொன்னால் அது நேரடிப் பிழை.

வானத்தையும் பாருங்கள். ஃபர்ஸ்டில் நூறு ஆண்டாக இரவே கிடையாது. கதைநாயகன் ஒளிக்காவலர்கள் என்ற அசுரர்களை ஒவ்வொருவராக வீழ்த்திய பிறகுதான் பகுதி பகுதியாக இரவு திரும்பியது, முதலில் லேக்லேண்ட் பகுதியில். உங்கள் பயணம் அதற்கு முன்பா பின்பா என்று முடிவு செய்யாமல் "நள்ளிரவில் வந்து சேர்ந்தாள்" என்று தொடங்காதீர்கள். இரவையே பார்க்காமல் வளர்ந்த உள்ளூர்ப் பாத்திரம் முதல் இருட்டைப் பார்ப்பது எவ்வளவு பெரிய காட்சி! தேதி குறிக்காததால் அதை இழக்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சேதி கடைசி. யாருக்கு என்ன தெரியும்? எயோர்சியாவின் சாதாரண மக்களுக்கு இப்படி வேறு உலகங்கள் இருப்பதே தெரியாது. திரும்பி வந்த பாத்திரம் மதுக்கடையில் உட்கார்ந்து ஃபர்ஸ்டைப் பற்றிப் பேசினால், கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்றே எழுத வேண்டும். ஆடுபவருக்குத் தெரிந்ததைப் பாத்திரம் தெரிந்துகொண்டதாக எழுதுவது புதியவர்களிடம் மிகச் சாதாரணமாக நடக்கும். கடிந்துகொள்ள வேண்டாம், "உங்கள் பாத்திரத்துக்கு இதை யார் சொன்னார்கள்?" என்று தனியாகக் கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

5. போகும் காட்சிக்கு முன் திரும்பும் காட்சியை எழுதுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் படிக்காகத்தான். வாசலைத் திறப்பதற்கு முன், அனுப்பும் ஆட்டக்காரரிடம் ஐந்தாறு வரிகள் எழுதி வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் திரும்புவார்? எந்த வழியில்? அவர் இல்லாதபோது இங்கே அவர் கடையை, குழந்தையை, கடனை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவரைத் தேடுபவர்களிடம் என்ன காரணம் சொல்லப்பட்டிருக்கும்? திரும்பும்போது அவரிடம் மாறியிருக்கப் போவது என்ன?

விடை மாறலாம், தவறில்லை. எழுதி வாங்குவதற்குக் காரணம் இங்கே தங்கிவிடுபவர்கள். அவர்களும் கதை எழுதுகிறார்கள். போனவர் எப்போது வருவார் என்று தெரியாமல் அவரைச் சுற்றி எதையும் எழுத முடியாது. கேமின் கதையிலும் தோழர்களின் தூங்கும் உடல்களை யாரோ காத்தார்கள், அவர்கள் திரும்ப ஆன்மாவைச் சுமக்கும் கலன் ஒன்றை யாரோ உருவாக்கினார்கள். 2020-இல் வந்த 5.3 பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) வரை அந்த ஒரு கேள்விதான் கதையை இழுத்துக்கொண்டு போனது: எப்படித் திரும்புவது?

ஆட்டக்காரர் பாதியில் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். "தேதி தாண்டி ஒரு மாதம் ஆனால் பாத்திரம் பத்திரமாகத் திரும்பிவிட்டதாகவும் ஓய்விலிருப்பதாகவும் கொள்வோம்" என்பது நல்ல பொதுவிதி. அவர் அனுமதி இல்லாமல் பாத்திரத்தைக் கொல்லவும் கூடாது, வேறு உலகத்தில் நிரந்தரமாக மாட்டிவைக்கவும் கூடாது.

6. பயணப் பதிவேடு

ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு வரி. நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

யார்: மிக்கோட்டே மருத்துவச்சி. வழி: ஆன்மா மட்டும், உடல் மோர் தோனாவில். சோர்ஸில் கிளம்பியது: மார்ச் 3. ஃபர்ஸ்டில் சேர்ந்தது: மார்ச் 3, லேக்லேண்டில் இரவு திரும்பிய பிறகு. இடையில் தாவல்: மார்ச் 10, ஃபர்ஸ்டில் ஆறு மாதம், சோர்ஸில் ஒரு நாள். திரும்பியது: சோர்ஸில் மார்ச் 14. கூடுதலாகக் கழித்தது: சுமார் ஆறு மாதம், உடலில் வயது ஏறவில்லை. கொண்டு வந்தது: எதுவுமில்லை. யாருக்குத் தெரியும்: தம்பிக்கும் உடலைக் காத்தவருக்கும் மட்டும்.

தாவலுக்குப் பின் ஃபர்ஸ்டின் நாட்காட்டி சோர்ஸை விட முன்னே ஓடும். அதனால் இரண்டு தேதிகளையும் உலகப் பெயரோடு எழுதாவிட்டால் பதிவேட்டால் பயனில்லை. "கூடுதலாகக் கழித்தது" என்ற பகுதியைப் பலர் வெறுமையாக விடுவார்கள். வயது, காயம், கர்ப்பம், கற்ற வித்தை எல்லாம் அதிலிருந்துதான் கணக்காகும்.

காட்சி முடிந்த அன்றே எழுதுங்கள். வாரக்கடைசியில் சேர்த்து எழுதலாம் என்றால் நினைவிலிருந்து எழுதுவீர்கள், இரண்டு பேர் நினைவு ஒத்துப்போகாது.

7. காட்சியை நடத்துவது

தொடக்கப் பட்டியலைப் பார்த்து, எல்லோரும் வரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். யாராவது ஷேடோபிரிங்கர்ஸுக்கு வரவில்லை என்றால் ஃபர்ஸ்டின் காட்சிகளை டிஸ்கார்டில் எழுத்தாக நடத்துங்கள், அல்லது ஒருவருடைய வீட்டு உள்ளறையைக் கிரிஸ்டாரியத்தின் அறையாகக் கொள்ளுங்கள்.

கடக்கும் காட்சியில் முதல் பதிவைக் குழு நடத்துபவரே இட வேண்டும்: தேதி, வாசலின் நிலை, விலை. மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். ஆட்டக்காரர் முதலில் எழுதினால் வாசல் அவர் விருப்பப்படி நடந்துகொள்ளும்.

8. ஆனாலும் முரண் வந்துவிட்டால்

வரும். பதிவேட்டில் இருப்பதே செல்லும் என்று முதலிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவேட்டில் இல்லாத விஷயம் என்றால், அதிகம் பேர் பங்கெடுத்த காட்சியை அப்படியே வைத்து, குறைவானவர்கள் இருந்த காட்சியைத் திருத்துங்கள். அப்படிச் செய்தால் குறைந்த பேரின் எழுத்துதான் அடிபடும்.

திருத்தும்போது தேதியை மாற்றுவது முதல் வழி, ஒரு வாக்கியத்தை மாற்றுவது இரண்டாவது. காட்சியையே நடக்கவில்லை என்று அழிப்பது கடைசி. முரணை மறைக்க "கால ஓட்டத்தில் கோளாறு" என்று புதிய மர்மத்தைக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். அடுத்த முறை யாராவது தேதி தவறினாலும் அதே கோளாறைக் காட்டுவார்கள், மூன்றாம் படியில் கட்டிய கடிகாரத்தை அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். கதைக்கு வெளியே வந்து, தேதி தவறிவிட்டது, இப்படித் திருத்துகிறோம் என்று சேனலில் நேராகச் சொல்லி, பதிவேட்டில் பழைய வரியை அழிக்காமல் அதன்கீழ் புதிய வரியைச் சேர்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.